எரித்துப் போனவன் – 9: செவுளைத் தூக்கிப் பார்

குலவைச் சத்தம் கேட்டு நஜீஹாவின் கையிலிருந்த ஆலிவ் எண்ணெய்ப் புட்டி நழுவியது.

கல்யாண வீட்டில் கேட்க வேண்டிய குலவை. காலையில், இன்னும் ரொட்டிகூட வெட்டாத நேரத்தில், சொந்த வீட்டு முன்னறையிலிருந்து வருகிறது. கணவன் நூரி போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் நாக்கைச் சுழற்றியதில்லை. ரம்லா ஊர்க் கடைத்தெருவில் அடுத்தவர் வீட்டு மணப்பெண்ணை அழைத்துப் போகும்போதுகூட, இந்த வீட்டு வாசலைத் தாண்டும் வரை குலவையை அடக்கிக்கொள்வார்கள்.

"அண்ணி! அண்ணீ! ஓடி வாங்க! எங்கண்ணன் உசிரோட இருக்கான்!"

புட்டி தரையில் உருண்டது. எண்ணெய் ஒரு கோடாக ஓடி கதவுக்கடியில் போயிற்று. நஜீஹா அதை மிதித்துக்கொண்டே ஓடினாள்.

முன்னறைதான் நாத்தனார் ரவ்தாவின் கடை. பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசி, மணப்பெண் அலங்காரம் செய்யும் கடை. நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் பாதித் தலைக்கு மருதாணிச் சேறு அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரவ்தா கையுறையோடு செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரை முழுக்க மருதாணி விரல் தடம்.

"பாருங்க அண்ணி. காதைப் பாருங்க!"

நஜீஹா தன் முந்தானைத் துணியால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் ஒருவன் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். முகத்தின் இடப்பக்கம் மட்டும் தெரிந்தது. பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். அவன் காதுக்கு மேலே முடி வெயில் பட்டதுபோல் மினுங்கியது.

இடது காதின் கீழ்மடல் இரண்டாகப் பிளந்திருந்தது.

நஜீஹாவுக்கு அந்தக் காது தெரியும். வாலிபத்தில் தூண்டில் முள் மாட்டிக் கிழிந்த காது. கல்யாணமான புதிதில் அதை விரலால் வருடி, 'பாம்பு நாக்கு' என்று கேலி செய்வாள். 'கடிச்சிடும், ஜாக்கிரதை' என்பான் நூரி.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'இத்தாலி, மஸாரா துறைமுகம். இந்த மாதம் எடுத்த படம். இவரைத் தெரிந்தவர்கள் குடும்பத்தாருக்குச் சொல்லுங்கள்.'

அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"உக்காராதீங்க அண்ணி, ஆடுங்க!" என்றாள் ரவ்தா. தானே ஆடினாள். மருதாணிக்காரியும் தலையை ஆட்டாமல் கைகளை மட்டும் தட்டினாள்.

கடலைத் திருட்டுத்தனமாகத் தாண்டுவதற்கு இந்தக் கரையில் 'எரிப்பது' என்று பெயர். எல்லையை எரித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 'ஸ்ஃபாக்ஸ் வரைக்கும் போய் இஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்கிட்டு வரேன்' என்று சொல்லி, தங்கை ரவ்தாவிடம் தலையைக் கொடுத்து ஒட்ட வெட்டிக்கொண்டு, எரித்துவிட்டுப் போனவன் நூரி. அவன் ஏறிய படகு நடுக்கடலில் உடைந்தது. சிலர் அந்தக் கரையில் ஏறினார்கள். சிலர் இந்தக் கரையில் பிணமாக ஒதுங்கினார்கள். இரண்டிலும் நூரியின் பெயர் இல்லை.

அன்றிலிருந்து நஜீஹா தினமும் அவன் எண்ணுக்கு ஒரு வரி அனுப்புவாள். 'எலுமிச்சை பூத்திருக்கு.' 'சுந்துஸுக்குக் கடைவாய்ப்பல் முளைக்குது.' ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒற்றை டிக். இரண்டாவது டிக் விழுந்ததே இல்லை.

போன வாரம்தான் வீட்டில் பெரிய சண்டை. கரையில் ஒதுங்கி, பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்களின் எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து ஒரு மருத்துவக் குழு இந்தத் தீவுக்கு வருகிறது. பிள்ளையின் எச்சிலைக் கொஞ்சம் பஞ்சில் எடுத்துக்கொள்வார்கள். மகள் சுந்துஸைக் கூட்டிப்போகிறேன் என்று நஜீஹா சொன்னாள். 'எச்சில் குடுக்கிறது, அவன் செத்துட்டான்னு ஜனாஸா தொழுகைக்கு வரிசையில நிக்கிற மாதிரி' என்று கத்திவிட்டு, ரவ்தா அன்றிலிருந்து அண்ணியோடு பேசவில்லை.

அந்தக் குழு இன்று வருகிறது. மாலைப் படகில் திரும்பிவிடும். அடுத்து எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது.

"இனிமே அந்த எச்சில் பேச்சே கிடையாது, சரியா?" என்றாள் ரவ்தா. இத்தனை நாளைக்குப் பிறகு இன்றுதான் நேராகப் பேசுகிறாள். கண் நிறைந்திருந்தது. "உசிரோட இருக்கிறவனை யாராவது எலும்புக்குள்ள தேடுவாங்களா?"

வாசல் நிலையில் சுந்துஸ் நின்றிருந்தாள். பன்னிரண்டு வயது. வாயில் பல்துலக்கும் பிரஷ். அத்தையின் தோளுக்கு மேலாக எக்கிப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பிரஷை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இதை யாரு போட்டது?"

"வந்துட்டா விசாரணைக் கமிஷனர்!" என்றாள் ரவ்தா. "உங்கப்பாடி, சுந்துஸ்! உங்கப்பா! யாரு போட்டா என்ன?"

"இல்ல அத்தை, 'கடலின் மகன்'னு போட்டிருக்கு. மூஞ்சியே இல்ல. யாரு அது?"

"அம்மா வாய் அப்படியே வந்திருக்கு பாரு பொண்ணுக்கு."

சுந்துஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிப்பாள், 'அதானே, கேளு' என்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"இன்னிக்கு வேண்டாம் கண்ணு," என்றாள் நஜீஹா. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எதையும் கேக்காத."

---

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் வாழ்த்து. ரொட்டிக் கடைக்காரர் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்து, "மப்ரூக், மப்ரூக்" என்றார். மீன்காரி ஒரு மடவையைத் தாளில் சுற்றி நஜீஹாவின் பைக்குள் திணித்தாள். ரவ்தாவின் குலவை அவர்களை முந்திக்கொண்டு கடைத்தெரு முழுக்கப் போய்விட்டிருந்தது.

நஜீஹா எல்லோருக்கும் தலையசைத்தாள். 'இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் விழுங்கினாள்.

அவள் ஊருக்கே தெரிந்த சந்தேகக்காரி. பள்ளிக்கூட டீச்சர்; பள்ளி நூலகமும் அவள் பொறுப்புதான். அங்கே பிள்ளைகளுக்கு அவள் கற்றுக்கொடுப்பதே, எதையும் சும்மா நம்பாதே என்பதைத்தான். அவளுக்குப் பயந்து ரொட்டிக் கடைக்காரர் வதந்தியைக்கூடத் தாழ்ந்த குரலில் சொல்வார்.

ஆனால் இன்று அவள் தன்னையே கெஞ்சிக்கொண்டு நடந்தாள். ஒரு நாள். இந்த ஒரு நாள் மட்டும் அந்தக் காதை வைத்துக்கொள்கிறேன். அவன் எங்கோ ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான். பசித்தால் சாப்பிடுகிறான். வலை பின்னும்போது வழக்கம்போல நாக்கு நுனியைக் கடித்துக்கொள்கிறான்.

தெரு முனையில் நின்று செல்போனில் ஒரு வரி தட்டினாள். 'உன் காதைப் பார்த்தேன்.'

ஒற்றை டிக்.

சுந்துஸ் அதைப் பார்த்தாள். இருவரும் கைகோத்து நடந்தார்கள்.

---

புதன்கிழமை என்றால் நூலகத்தில் மீன் சந்தை.

நஜீஹா கண்டுபிடித்த விளையாட்டு அது. யாராவது ஒரு பிள்ளை 'வியாபாரி'. பெஞ்சு மேல் ஏறி நின்று, தான் கொண்டுவந்த 'மீனை' ஏலம் கூவ வேண்டும். மீன் என்றால் ஒரு செய்தி, ஒரு படம், யாரோ அனுப்பிய குரல் பதிவு. எதுவானாலும் சரி. மற்றவர்கள் வாங்க வந்தவர்கள். தீவுக்காரப் பிள்ளைகளுக்கு மீன் வாங்கத் தெரியாதா?

முதலில் கண். மேலாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? அடுத்தது செவுள். தூக்கிப் பார்த்தால் உள்ளே என்ன? யார் பிடித்தது, எங்கே, எப்போது, எத்தனை கை மாறி வந்தது? கடைசியாக நாற்றம். விற்கிறவனுக்கு இதில் என்ன ஆதாயம்?

நல்ல மீன் என்றால் கை தட்டுவார்கள். கெட்டுப்போனது என்றால் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பூனைக்குப் போடு!' என்று கத்துவார்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் இதைப் பற்றி மூன்று தடவை தலைமையாசிரியரிடம் புகார் செய்திருக்கிறார்.

முதல் வியாபாரி அன்வர். வீட்டுக்கு மீன்பிடிப் படகு உண்டு. ஏலம் கூவும் தொண்டையும் உண்டு.

"வாங்க வாங்க! துடிக்கிற மீன்! நாளைக்குப் புயல், பள்ளிக்கூடம் லீவு! அமைச்சகமே அறிவிச்சிருச்சு!"

"கண்ணைக் காட்டுடா!"

அன்வர் செல்போனைத் தூக்கிக் காட்டினான். முத்திரை வைத்த அறிவிப்பு.

"கண்ணு பளபளன்னுதான் இருக்கு," என்றது ஒரு குரல். "செவுள்! செவுளைத் தூக்கு! யாரு குடுத்தா உனக்கு?"

"எங்கண்ணன்."

"அவனுக்கு?"

"அவன் சிநேகிதன்."

"அவனுக்கு?"

"நான் என்ன அவன் பொண்டாட்டியா, எல்லாம் தெரிஞ்சுவச்சிருக்க!"

சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து மைஸா கையைத் தூக்கினாள். பேரீச்சை விளையும் பாலைவன ஊரான தோஸரிலிருந்து இந்த வருஷம்தான் வந்த பெண். அவள் அப்பாவுக்குக் கடற்காவல் படையில் வேலை. எரித்துப் போகிற படகுகளைத் துரத்துகிற வேலை. அதனால் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

"டீச்சர், அதுல ஞாயித்துக்கிழமை புயல்னு எழுதியிருக்கு. நாளைக்கு வியாழன்."

எல்லோரும் எட்டி அந்தக் கிழமையைப் பார்த்தார்கள். பிறகு கூரை பறந்தது.

"பூனைக்குப் போடு! பூனைக்குப் போடு!"

"பூனையே வேண்டாம்னு சொல்லிடும்டா!"

அன்வர் தலைகுனிந்து, செத்த மீனைத் தூக்கிப் போவதுபோல் செல்போனை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு இறங்கினான். நஜீஹாவும் சிரித்தாள். சிரிக்க முடிந்தது.

"அடுத்து யாரு?"

சுந்துஸ் எழுந்தாள். பெஞ்சு மேல் ஏறினாள். கையில் ஒரு தாள். காலையில் அலுவலக அச்சுப் பொறியில் எடுத்திருக்க வேண்டும். பள்ளி எழுத்தர் அம்மாள் இன்று அவள் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

"என்கிட்ட ஒரு மீன் இருக்கு," என்றாள்.

கூவவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினாள்.

எல்லாப் பிள்ளைகளும் காலையிலேயே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான்.

"சுந்துஸ், கீழ இறங்கு," என்றாள் நஜீஹா.

"ஏன் டீச்சர்?" பள்ளிக்குள் அவளும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "வாங்குறதுக்கு முன்னாடி செவுளைத் தூக்கிப் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? சாயங்காலம் நான் எச்சில் குடுக்கணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

குரல் உடையவில்லை. தாளை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தாள்.

நஜீஹா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே, ஆழமில்லாத கடலில் பேரீச்ச ஓலை வேலிகள் வரிசையாக நின்றன. மீன் தானாக நீந்தி வந்து மாட்டிக்கொள்ளும் வேலிகள். உள்ளே போன மீனுக்கு வழி திறந்திருப்பதுபோலத்தான் தெரியும்.

"சரி," என்றாள். "கேளுங்க."

கடைசியில் அன்வர்தான் தொண்டையைச் செருமினான். ஏலக் குரல் போய், பெரிய மனுஷக் குரல் வந்திருந்தது.

"கண்ணு... கண்ணு நல்லாருக்கு. அது நூரி மாமா காதுதான். எங்க படகுலதான் அந்த முள்ளு மாட்டிச்சுன்னு எங்கப்பா சொல்வாரு."

"சரி. வேற என்ன தெரியுது?"

"சுவரு. வலை. நிழல்ல உக்காந்திருக்காரு. வெயில் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"யாரு போட்டது?" என்றது இன்னொரு குரல்.

"கடலின் மகன்," என்றாள் சுந்துஸ். "போன வாரம்தான் கணக்கே ஆரம்பிச்சிருக்கு. இந்த ஒரு படம்தான் போட்டிருக்கு."

"அவனுக்கு என்ன ஆதாயம்?"

"ஒண்ணும் கேக்கல. நானே எழுதிக் கேட்டேன். பதில் இல்ல."

எப்போது எழுதினாள்? பல் துலக்கிக்கொண்டேவா? நஜீஹா மகளைப் பார்த்தாள். திடீரென்று அவள் உயரமாகத் தெரிந்தாள். பெஞ்சு மேல் நிற்பதால் மட்டும் அல்ல.

கடைசி வரிசையில் கை உயர்ந்தது.

"டீச்சர்..." மைஸா தயங்கினாள். "அந்தக் கயித்துல தொங்குதே, அது என்ன? கிழிஞ்ச துணியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வெடித்துச் சிரித்தார்கள். பெரிய பாரம் இறங்கியதுபோல் சிரித்தார்கள்.

"துணியாம்! ஏய் பேரீச்சம்பழம், அது பேய்க்கணவாய்டீ! எட்டுக் காலையும் விரிச்சுக் காயப்போட்டிருக்கு!"

"உங்க ஊர்ல ஒட்டகத்தைத்தான் காயப்போடுவாங்க போல!"

"இவ்வளவு நாளா இந்தத் தீவுல இருக்கே, ஒரு வீட்டுக் கொடியைக்கூடப் பாத்ததில்லையா? எங்க பாத்தாலும் அதான் தொங்கும். எங்க வீட்ல, இவங்க வீட்ல, பள்ளிவாசல் பின்னாடி..."

சொல்லிக்கொண்டிருந்த பெண் நிறுத்தினாள்.

சிரிப்பு ஒவ்வொருவராக அணைந்தது.

நஜீஹா அந்தத் தாளைப் பார்த்தாள். வெள்ளைச் சுவருக்குக் குறுக்கே ஒரு கயிறு. அதில் நான்கைந்து பேய்க்கணவாய்கள் கால் விரித்துத் தொங்கின. காலையிலிருந்து எத்தனை தடவை இந்தப் படத்தைப் பார்த்திருப்பாள்? தீவே பார்த்ததே. யார் கண்ணிலும் அது படவில்லை. சுவர் என்று இருந்தால் அதில் பேய்க்கணவாய் தொங்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற பொருளை யார் புதிதாகப் பார்ப்பார்கள்? தோஸர் பாலைவனத்திலிருந்து ஒரு பெண் வர வேண்டியிருந்தது.

"இத்தாலியில காயப்போடுவாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். ரொம்ப மெல்ல.

எல்லோரும் அன்வரைப் பார்த்தார்கள். அவன் தாய்மாமா மஸாராவில்தான் இருக்கிறார்.

அன்வருக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. செருப்பு நுனியைத் தரையில் தேய்த்தான். "எங்க மாமா... எப்ப யாரு போனாலும் காஞ்ச கணவாய் குடுத்தனுப்பச் சொல்லுவாரு. அங்க கிடைக்காதாம். அங்க உள்ளவங்க பச்சையா வேகவச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தின்னுடுவாங்களாம். கொடியில தொங்கவிட்டா, பக்கத்து வீட்டுக்காரி போலீசைக் கூப்பிடுவாளாம்."

எப்போதும் சிரிக்க வைக்கும் கதை அது. இன்று யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ இது மஸாரா இல்ல," என்றாள் சுந்துஸ். "இங்க எடுத்தது. நம்ம தீவுல."

"ஆமா," என்றாள் நஜீஹா. தன் குரலே தூரத்தில் கேட்டது.

"அப்படின்னா பழைய படம். அப்பா போறதுக்கு முன்னாடி யாரோ எடுத்தது."

நஜீஹா தலையசைத்தாள்.

விதிப்படி இப்போது எல்லோரும் மூக்கைப் பிடிக்க வேண்டும். ஒரு பிள்ளையும் கையைத் தூக்கவில்லை. பெஞ்சு மேல் நின்றபடி சுந்துஸ் அவர்களையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தானே கையை உயர்த்தி, தன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்தது விரல்கள் மேல் ஓடியது.

"நான் கேட்டிருக்கக் கூடாது," என்று மைஸா பின்னாலிருந்து அழுதாள். "டீச்சர், நான் தெரியாமக் கேட்டுட்டேன்."

சுந்துஸ் பெஞ்சிலிருந்து இறங்கினாள். நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். இதுவரை யாரும் உட்காராத அந்த இடத்தில், மைஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

---

மாலையில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அம்மாவும் மகளும் நடந்தார்கள்.

பையிலிருந்த மடவை நாறத் தொடங்கியிருந்தது. நஜீஹா அதைச் சாலையோரப் பூனைக்குப் போட்டாள். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. சுந்துஸும் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"கோவமாம்மா என் மேல?"

"இல்ல."

"ஒரு நாள் மட்டும் கேக்காதேன்னு சொன்னே."

"சொன்னேன்." நஜீஹா அவள் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். "அரை நாள் கிடைச்சுதே, போதும்."

போதவில்லை. நடந்துகொண்டே அவள் அந்தப் படத்துக்குள் போக முயன்றாள். எந்த வீட்டுச் சுவர்? எந்த நாள்? அவன் அப்படி வலையோடு உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு சாயங்காலம் அவளும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருப்பாள். அடுப்பில் பார்லிக் கஞ்சி கொதித்திருக்கும். 'எப்ப வருவே?' என்று கத்தியிருப்பாள். 'இதோ' என்று சொல்லியிருப்பான். அந்த 'இதோ'வை அன்று அவள் காதில்கூட வாங்கியிருக்க மாட்டாள்.

படகுத் துறையின் நிழற்கூரைக்கடியில் ஒரு மேசை. வெள்ளைக் கோட்டு போட்ட இளம் நர்ஸ். அவள் முன்னால் ஏழெட்டுக் குடும்பங்கள். யாரும் யாரையும் பார்க்காமல் நின்றார்கள். தங்கள் முறை வந்ததும் சுந்துஸ் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நர்ஸ் பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் தேய்த்து எடுத்து, குழாயில் போட்டு மூடினாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் சுந்துஸ்.

"அவ்வளவுதான் தங்கம். அப்பாவோட கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்களும் குடுத்தா இன்னும் உறுதியாத் தெரியும்."

"ஒரு தங்கச்சி," என்றாள் நஜீஹா. "வர மாட்டா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மொபெட் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. பின் இருக்கையிலிருந்து ரவ்தா குதித்தாள். கையில் இன்னும் கையுறை. முகம் சிவந்திருந்தது.

"குடுத்துட்டீங்களா? குடுத்தே விட்டீங்களா அண்ணி? ஊரே மப்ரூக் சொல்லுது, நீங்க இங்க வந்து எங்கண்ணனைப் புதைக்கிறீங்களா?"

"ரவ்தா..."

"பேசாதீங்க! ஒரு பேய்க்கணவாயை வச்சு அவனைக் கொன்னுட்டீங்கன்னு அன்வர் அம்மா சொல்றா. உங்க பள்ளிக்கூட விளையாட்டுக்கு எங்கண்ணன்தான் கிடைச்சானா?"

வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். படகு முதல் ஊதலை ஊதியது.

"நானும் நம்பினேன் ரவ்தா," என்றாள் நஜீஹா. "உன்னைவிட அதிகமா நம்பினேன். இன்னிக்குப் பூரா அந்தக் காதை வச்சுக்கிட்டு அலைஞ்சேன். ஆனா அந்தக் கொடியைப் பாரு. அது இந்தத் தீவு. பழைய படத்தை எவனோ எடுத்துப் போட்டுட்டு மஸாரான்னு எழுதியிருக்கான். அவன் மூஞ்சியைப் பார்க்கணும்னு எனக்கும் ஆசைதான். நான் என்ன செய்யட்டும்?"

ரவ்தா கையுறையைக் கழற்றினாள். ஒரு விரல், இன்னொரு விரல். அதைக் கழற்றி முடிப்பதற்குள் அவள் கோபம் முழுக்கக் கரைந்து, தோள்கள் குலுங்கத் தொடங்கின. சுந்துஸ் போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"காலையில குலவை போட்டேனேடி," என்றாள் ரவ்தா. "ஊரைக் கூட்டிக் குலவை போட்டேனே."

"நல்லா இருந்துச்சு அத்தை."

ரவ்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸைப் பார்த்தாள். பஞ்சுக் குச்சியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"எடுத்துக்கோம்மா. என்ன வேணுமோ எடுத்துக்கோ. ஒரு நிமிஷம் மட்டும் இரு. கடைசியா ஒரு தடவை பாத்துக்கிறேன்."

செல்போனை எடுத்தாள். படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். பிளந்த காது திரை முழுக்க வந்தது. அதை முத்தமிடப் போவதுபோல் முகத்தருகே கொண்டுபோனாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

காதைத் தாண்டி, கிருதாவுக்கு மேலே அவள் கண் ஊன்றி நின்றது. தலைமுடியைப் பார்த்தே ஒருத்தியின் வயதைச் சொல்கிற கண்.

"அண்ணி, இங்க வெள்ளையா இருக்கே, இது என்ன?"

"வெயில் பட்டிருக்கு," என்றாள் நஜீஹா. "காலையிலேயே பாத்தேன்."

"வெயில் இல்லம்மா," என்றாள் சுந்துஸ். "அப்பா நிழல்லதானே உக்காந்திருக்காரு? அன்வர் சொன்னானே."

படகு இரண்டாவது ஊதலை ஊதியது. நர்ஸ் குச்சியை நீட்டினாள்.

"நேரமாச்சுக்கா. வாயைத் திறங்க."

ரவ்தா வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அவன் கிளம்பறதுக்கு முன்னாடி நான்தானே முடி வெட்டிவிட்டேன். தேடித் தேடிப் பாத்தேன் அண்ணி, அன்னிக்கு அவன் தலையில ஒரு நரைகூட இல்ல. அப்போ இது அவன் போனதுக்கப்புறம் எடுத்த படம்."